சட்டநிரூபண சபையில் இராமநாதன்: அவர்தம் பேச்சுப் பற்றிய ஒரு மதிப்பீடு

திருவள்ளுவர் அமைச்சியலில் சொல்வன்மைக்கு ஓரதிகாரமும், அவையறிதலுக்கு ஓரதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓரதிகாரமும் வகுத்துத் தந்தார். மூன்றும் ஒரே பொருளைச் சுற்றி வருவனபோலத் தோன்றினும் ஒன்றல்ல. சொல்வன்மை நாவின் திறம். அவையஞ்சாமை நெஞ்சின் திறம். அவையறிதல் அறிவின் திறம். நாவும் நெஞ்சும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் மூன்றாவதில் வழுவுதலும் உண்டு. அவ்வழுவின் பயனை அவர் ஒருவரே நுகர்வதில்லை. அவர் யாருக்காகப் பேசினாரோ அவரும், அவர்தம் மக்களும், மக்கள்தம் மக்களும் நுகர நேர்கின்றது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை இந்துக் கல்லூரிகளிற் பயின்ற எவருக்கும் அறிமுகஞ் செய்தல் வேண்டா. மருதனார்மடத்திலே 1913 ஆம் ஆண்டு பெண்களுக்குக் கல்லூரி கண்டவர். கீதைக்குத் தமிழுரை வகுத்தவர். மேல்நாடு சென்று சைவ ஞானத்தை விரித்துரைத்தவர். இவ்வண்ணம் அவர் புகழை அடுக்கிக் கூறும் மேடைப் பேச்சுக்கள் பல. ஆயினும், அவருடைய வாழ்வின் முதற்பெருந் தொழிலாகிய சபைப் பேச்சு எத்தன்மைத்து, அதன் வலியாது, குறையாது என்று நிறுத்துப் பார்க்கும் முயற்சி அரிதாகவே நிகழ்ந்துள்ளது. விக்ரோறியா மகாராணியார் ஆட்சிக்காலத்தில், 1879 முதல் 1892 வரை, பதின்மூன்றாண்டு காலம் அவர் சட்டநிரூபண சபையில் தமிழ் அங்கத்தவராக வீற்றிருந்தார். அக்காலப் பேச்சுக்களே ஈண்டு ஆராய்தற்குரியன. பிற்காலத்தன துணைச்சான்றாக மட்டும் வரும்.

ஆசனத்தின் இயல்பு

பேச்சை எடைபோடுமுன் அது பேசப்பட்ட இடத்தை அறிதல் வேண்டும். கோல்புறூக், கமறன் என்போரின் விதப்புரைகளின் வழி 1833 இல் அமைந்த இலங்கைச் சட்டநிரூபண சபையில் தேசாதிபதி தலைமை வகித்தார். உத்தியோக அங்கத்தவர் ஒன்பதின்மர், உத்தியோகப்பற்றற்றோர் அறுவர். அவ்வறுவருள் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வோர் ஆசனம். அவ்வாசனங்களுக்குத் தேர்தல் இல்லை. தேசாதிபதியின் நியமனமே உண்டு. உத்தியோகத்தர் தொகை எப்பொழுதும் மிகுந்திருந்தமையால், உத்தியோகப்பற்றற்றோர் எத்துணை நன்கு பேசினும் வாக்கெடுப்பில் வெல்லுதல் இயலாது. ஆகவே அச்சபையில் வாக்கு வலியற்றது, வாதமே வலியுடையது. எதிரே இருந்த உத்தியோகத்தரை நாணச் செய்தல், கொழும்புப் பத்திரிகைகள் வாயிலாக நாட்டையும், அறிக்கைகள் வாயிலாக இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு மந்திரியையும் எட்டுதல் ஆகிய இவையே ஓர் அங்கத்தவர் செய்யத்தக்கன.

தமிழ் அங்கத்தவருக்குரிய ஆசனம் இராமநாதனுக்கு ஒருவகையிற் குடும்பச் சொத்துப் போன்றது. அவர்தம் தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியாரே முதல் தமிழ் அங்கத்தவர். தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமி 1861 முதல் 1879 இல் தாம் இறக்குந் துணையும் அவ்வாசனத்தில் இருந்தார். மாமன் மறைந்த அவ்வாண்டிலேயே மருகர், இருபத்தெட்டு வயதினராய், அதில் அமர்ந்தார். 1892 இல் அவர் சொலிசிற்றர் ஜெனரல் பதவி ஏற்று விலகியபின் அவர் தமையனார் பொ. குமாரசுவாமிக்கு அது கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரும், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புத் தமிழரும், தோட்டத் தொழிலாளரும் ஆகிய எல்லார்க்கும் அவர் ஒருவரே நா. 1889 வரையும் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் இல்லாமையால், தமிழ் பேசும் சோனகர்க்கும் வேறு நா இல்லை. அக்காலத்து மட்டக்களப்புப் பகுதியின் தென்கோடியில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கிடக்கும் கோமாரிக் கரையில் வாழ்ந்த ஓர் உழவனோ வலைஞனோ, தனக்காகக் கொழும்பிற் பேசப்படுவது யாதென ஒருபோதும் அறிந்திருக்க மாட்டான். பேசப்பட்ட மொழி ஆங்கிலம். பேசினவர் அவன் அனுப்பியவரல்லர்.

நாவின் திறமும் நெஞ்சின் திறமும்

இராமநாதன் கொழும்பிலும் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் கற்று 1874 இல் வழக்கறிஞரானவர். சபை புகுமுன்னரே உயர்நீதிமன்றத்துப் பழைய தீர்ப்புக்களைத் தேடித் தொகுத்து வெளியிடும் பணியை அவர் மேற்கொண்டிருந்தார். 1820 முதலான தீர்ப்புக்களை அடக்கிய அவ்வறிக்கைகள் நீதிமன்றங்களில் அவர் பெயராலேயே வழங்கலாயின. இப்பயிற்சியே அவர் சபைப் பேச்சுக்கு அடிப்படை எனக் கொள்ளுதல் பொருந்தும். தீர்ப்புத் தொகுப்பவன், முதலில் நிகழ்ச்சியை ஒழுங்காக நிறுத்துவான். பின் அதற்குரிய விதியைக் காட்டுவான். அதன்பின்பே முடிபு கூறுவான். இராமநாதன் பேச்சும் இவ்வொழுங்கையே உடையது. அணியழகினும் அடுக்கழகே அவரிடத்து மிகுதி. உணர்ச்சியை எழுப்பும் சொல் முதலில் வாராது. சான்று வந்து நிரம்பியபின்பே வரும். அதனால், எதிர்த்துப் பேசவந்த உத்தியோகத்தர் அவருடைய கோபத்தைப் பழித்து நழுவுதற்கு இடமில்லாது, சான்றை மறுத்தற்குக் கட்டுப்பட்டனர்.

அவருடைய பேச்சின் மேன்மை விளங்குவது, தமக்குரியரல்லாதார் பொருட்டு அவர் வாதாடிய இடங்களிலாகும். பௌத்தர்களின் வெசாக் தினத்தை அரசாங்க விடுமுறை நாளாக்குதல் வேண்டும் என்ற கோரிக்கைக்குச் சைவராகிய அவர் துணைநின்றார். 1885 ஏப்பிரில் 28 இல் வெசாக் முதன்முறையாக அரச விடுமுறையாயிற்று. 1884 இல் ஓரியன்ரல் வங்கி முறிந்து நாடெங்கும் பணமுடை பரவியதன் பின், 1885 இல் தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. ஏழை எளியோர் சிறுதொகையைப் பாதுகாத்து வைத்தற்குரிய அவ்வேற்பாட்டில் அவர் கொண்ட பங்கினை, மு. வைத்திலிங்கம் முதலாக அவர் வரலாற்றை எழுதினோர் எடுத்துரைக்கின்றனர். இவ்விரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பௌத்தர் விடுமுறையைக் கேட்டனர். அவர் அக்கேள்வியைச் சபையில் ஒலித்தார். சிறுதொகை சேர்ப்போர் முடைப்பட்டனர். அவர் அம்முடையைச் சபைக்கு அறிவித்தார். மக்கள் கூறியது முன்னே செல்ல, அவர் சொல்வன்மை அதன் பின்னே சென்றது.

சோனகர் பற்றிய வாதம்

இம்முறை தலைகீழாகிய இடம் ஒன்று உண்டு. 1885 ஆம் ஆண்டு முகம்மதியர் விவாகப் பதிவு பற்றிய மசோதா சபையில் ஆராயப்பட்டபோது, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் முகம்மதியர் என்ற கருத்தை இராமநாதன் வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின், 1888 ஏப்பிரில் 26 இல், அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிற் படித்த கட்டுரையில் அக்கருத்தை விரிவாக நிறுவ முயன்றார். கட்டுரையின் அமைப்பு அவருக்கே உரியது: மொழி, வரலாறு, வழக்கம், உடலமைப்பு என நால்வகைச் சான்று, அவற்றின்மேல் ஒரு முடிபு. சோனகரின் தாய்மொழி தமிழ். தாலி கட்டுதல் முதலான திருமண வழக்கங்கள் தமிழர்க்கும் அவர்க்கும் பொது. அவர்தம் முன்னோர் காயற்பட்டினத்திலிருந்து வந்தோர். அராபியாவிலிருந்து வந்து குடியேறினர் என அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் எழுதிவைத்த மரபுக்கதை நம்பத்தக்கதன்று. இவையே அவ்வாதத்தின் சாரம்.

இச்சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்து நோக்குதல் நேர்மை. மொழி பற்றிய சான்று உறுதியானது. சித்திலெவ்வை அவர்கள் 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியதும், 1885 இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டதும் தமிழிலேயாகும். வழக்கம் பற்றிய சான்றுக்கோ மட்டக்களப்புத் தென்பகுதி, அஃதாவது 1961 முதல் அம்பாறை மாவட்டம் எனப்படும் கரை, மிகச் சிறந்த உரைகல். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய முஸ்லிம் ஊர்களும், காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய தமிழ் ஊர்களும் ஒரே தெருவழி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரு பகுதியாரிடத்தும் தாய்வழியாக வரும் ‘குடி’ முறை உண்டு. இரு பகுதியாரிடத்தும் பெண்ணுக்கு வீடு சீதனமாகச் செல்லும். மாப்பிள்ளை பெண்வீடு வந்து வாழ்வான். கோவிலிற் குடிவழியாக வண்ணக்கர் வருவதுபோலப் பள்ளிவாசலிற் குடிவழியாக மரைக்காயர் வந்தனர். நெல்வயலையுடைய பெருநிலக்காரர் எம்மதத்தினராயினும் போடியார் என்றே அழைக்கப்பட்டார். இத்துணை ஒற்றுமையைக் கண்ணாற் கண்ட எவரும் இராமநாதன் கூறிய பொதுமையைப் பொய்யென்று தள்ளார்.

ஆனால், பொதுமை உண்டு என்பது ஒரு கூற்று. வேற்றுமை இல்லை என்பது வேறொரு கூற்று. முதற்கூற்றுக்குக் காட்டிய சான்றைக்கொண்டு இரண்டாவதை முடித்தமையே இராமநாதன் வாதத்தின் வழு. அதே கரையில், ஒரே குடிமுறையைப் பேணிக்கொண்டே, தமிழரும் முஸ்லிம்களும் தம்மை இரு சமூகத்தாராகவே அறிந்து வாழ்ந்து வந்துள்ளனர். வணக்கம் வேறு, கொள்வினை கொடுப்பினை வேறு, இறந்தோரை அடக்கும் இடமும் முறையும் வேறு, தம்மைப் பிறர்க்கு அறிவிக்கும் பெயரும் வேறு. ஒரு சமூகம் யாதென்பதை மொழியும் மூக்கின் வடிவும் மட்டும் தீர்ப்பதில்லை. அச்சமூகத்தார் தம்மை யாரெனக் கருதுகின்றனர் என்பதும் ஒரு சான்று. பழைய தீர்ப்புக்களைத் தொகுத்த அறிஞர், கட்சிக்காரரை விசாரியாமலே வழக்கை முடித்தது வியப்பு.

அன்றியும், காலமும் கருதத்தக்கது. சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. சோனகர் தமிழரே என்பது நிலைநாட்டப்படின், தமிழ் அங்கத்தவர் ஒருவரே இரு சாரார்க்கும் போதும் என்ற முடிபு தானே வரும். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள் 1907 இல் நூல்வடிவில் வெளியிட்ட மறுப்பில் இவ்வுட்கருத்தையே சுட்டிக்காட்டினார். அராபிய வணிகர் இந்நாட்டுப் பெண்களை மணந்தமையும், வாணிகத்தின் பொருட்டும் வாழ்க்கையின் பொருட்டும் தமிழை மேற்கொண்டமையும் மொழிப் பொதுமைக்குக் காரணம் என்பது அவர் விடை. அவ்விடையிலும் மிகையும் விருப்பமும் கலந்திருத்தல் கூடும். அராபிய வழியை அவர் வற்புறுத்திய அளவுக்கு வரலாறு இடந்தருமா என்பது ஆராய்தற்குரியது. ஆயினும், தம்மைப் பற்றித் தாமே பேச உரிமையுண்டு என்ற அவர் அடிப்படை அசையாதது. தமிழ் பேசுகின்றமையால் தமிழரே என்ற வாதமும், அதற்குரிய மறுப்பும் ஆகிய இரண்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன என்பது நினைக்குந்தோறும் நகைக்கும் துயருக்கும் இடமாகின்றது. யாருடைய மொழியைச் சான்றாகக் காட்டி வழக்கு நடந்ததோ, அவர்க்கு வழக்கின் மொழி விளங்கவில்லை.

1889 இல் உத்தியோகப்பற்றற்றோர் தொகை எட்டாக உயர்த்தப்பட்டது. கண்டிச் சிங்களவர்க்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றும் புதிதாகக் கொடுக்கப்பட்டன. எம். சி. அப்துல் றகுமான் முதல் முஸ்லிம் அங்கத்தவரானார். இராமநாதனுடைய வாதம் சபையில் தோற்றது. ஆயினும் அது உண்டாக்கிய ஐயம் மறையவில்லை.

இங்கிலாந்தின் ஓர் ஒப்பீடு

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் நிகழ்ந்ததொன்று இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. கிளாட்ஸ்ரன் 1832 இற் பொதுச்சபைக்குத் தெரிவு செய்யப்பட்டவர். 1853 இல் தமது முதல் வரவுசெலவுத் திட்டத்தை நாலே முக்கால் மணி நேரம் நின்று பேசி விளக்கியவர். பேச்சின் நீளத்திலும் நுட்பத்திலும் அவருக்கு நிகரானோர் சிலரே. ஆயினும், அத்துணைப் பேச்சும் அவரை 1865 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத் தொகுதியிலே தோல்வியினின்றும் காக்கவில்லை. வாக்காளர் அவர் சொல்லை நிறுத்தனர், வேண்டாமென்றனர், அவர் தென் லங்காஷயர் சென்று மீண்டும் கேட்டார். தாம் யாருக்காகப் பேசுகின்றாரோ அவரால் திருத்தப்படும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

1885 தேர்தலில் அயர்லாந்துக் கட்சியினர் பார்னெல் தலைமையில் 86 பேர் வந்தனர். அயர்லாந்தவருட் பெரும்பாலார் அக்காலத்து ஆங்கிலமே பேசினர். மொழி ஒன்றாயினும், நீவிர் ஆங்கிலேயரே, உமக்குத் தனிச்சபை எதற்கு என்று கிளாட்ஸ்ரன் வினவவில்லை. அவர்கள் அனுப்பிய அங்கத்தவரின் தொகையையே அவர்தம் உள்ளக்கிடக்கைக்குச் சான்றாகக் கொண்டு, 1886 இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது 30 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அவர் கட்சியும் பிளவுற்றது. முகம்மதியர் விவாகப் பதிவுச் சட்டம் இலங்கையில் நிறைவேறியதும் அதே 1886 ஆகும். இருவரும் பெரும் பேச்சாளர். இருவரும் சமய நூற்பயிற்சி மிக்கோர். ஒருவர் கேட்டபின் பேசினார். மற்றவர், அவ்வொரு பொருளில், கேளாமுன் பேசினார். இவ்வேற்றுமைக்கு ஆளின் குணம் மட்டும் காரணமன்று. ஆசனத்தின் அமைப்பும் காரணம். நியமன அங்கத்தவரைத் திருத்துதற்குக் கோமாரி மக்களிடத்தும் கல்முனை மக்களிடத்தும் ஒரு துண்டு வாக்குச்சீட்டும் இருந்ததில்லை.

பிற்கால நிகழ்ச்சி

1911 இல், படித்த இலங்கையர்க்கென ஏற்பட்ட ஆசனத்துக்கு நடந்த தேர்தலில் மாக்கஸ் பெர்னாந்துவை வென்று இராமநாதன் மீண்டும் சபை புகுந்தார். 1915 இல் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். விசாரணை முறையின்றிப் பலர் தண்டிக்கப்பட்டனர்; ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் அவ்வாண்டு யூலை 7 இற் சுடப்பட்டார். அறுபத்துநாலு வயதினராகிய இராமநாதன் சபையில் எழுந்து அரசாங்கத்தின் அடாச்செயல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பேசினார். போர்க்காலத்திற் கடல்கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். 1916 இல் அவ்வழக்கை நூலாகவும் வெளியிட்டார். மீண்டபோது சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். அவையஞ்சாமை என்பதற்கு இந்நாட்டு வரலாற்றில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

ஆனால், கலகத்திற் கடைகளையும் உடைமைகளையும் இழந்த முஸ்லிம்கள் அதே பேச்சுக்களை எவ்வாறு கேட்டிருப்பர்? தம் இழப்பைச் சொல்லுதற்கு அத்துணை வலிய நா எழவில்லையே என்று அவர் வருந்தியிருப்பின், அவ்வருத்தம் அநீதியன்று. அரசாங்கத்தின் கொடுமையைக் கண்டித்தல் வேண்டியதே. அதனோடு பாதிக்கப்பட்டார் துயரையும் நிகராக நிறுத்திப் பேசியிருப்பின் அவ்வுரை இன்னும் உயர்ந்திருக்கும். 1885 இல் ‘நீவிர் தமிழரே’ என்று கூறினவர், 1915 இல் ‘நீவிர் எம்மவர்’ என்று நடந்துகாட்டவில்லை என்ற எண்ணம் முஸ்லிம்களிடத்து வேரூன்றுதற்கு இஃது இடந்தந்தது.

முடிபு

இராமநாதன் பிற்காலத்தில் எல்லார்க்கும் வாக்குரிமை என்ற கொள்கையை எதிர்த்து, 1930 இல் மறைந்தார். 1931 இல் அவ்வாக்குரிமை வந்தது. அவ்வாண்டு மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி எச். எம். மாக்கான் மாக்கார் அவர்களை அரசாங்க சபைக்கு அனுப்பியது, அவர் மந்திரியுமானார். வயலில் நின்றவனும் வலை இழுத்தவனும் தன் நாவைத் தானே தெரிந்தெடுக்கும் காலம் அங்ஙனம் தொடங்கிற்று. எனினும், தமிழ் பேசும் இரு சமூகத்தார்க்கிடையே விழுந்த ஐயம் வாக்குரிமையால் மட்டும் தீரவில்லை. பிற்காலத்துப் போரிடையே, 1990 இல், வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டமையும், கிழக்கில் இரு பகுதியாரும் குருதி சிந்தியமையும் யாவரும் அறிவர். அத்தீமைக்கெல்லாம் 1885 ஆம் ஆண்டுப் பேச்சைக் காரணமாக்குதல் நேர்மையாகாது. இடையில் வந்தோர் செய்த பிழைகள் மிகப் பல. ஆயினும், ‘யாம் யார் என்பதை எமக்காக நீவிர் தீர்த்தல் வேண்டா’ என்ற குரல் முதலில் எழுந்த இடம் அதுவாதலின், அதனை மறைத்து இராமநாதன் புகழை மட்டும் ஓதுதல் மாணாக்கர்க்குச் செய்யும் நன்மையன்று.

இராமநாதன் சிறியராகிவிட மாட்டார். சொல்வன்மையில் அவர் காலத்து உத்தியோகப்பற்றற்றோருள் முன்வரிசையினர். அவையஞ்சாமையில் அவருக்கு ஒப்பாரைக் காட்டுதல் எளிதன்று. அவையறிதலிலோ, சபைக்குள் இருந்த அவையை அவர் முற்றும் அறிந்திருந்தார். சபைக்கு வெளியே, அவர் பேச்சு எட்டாத் தொலைவில், அப்பேச்சின் பயனை ஏற்கவேண்டியிருந்த பெரிய அவையைப் பாதியே அறிந்திருந்தார். கிழக்குக் கரையின் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் சொல்லப்படும்பொழுது, வெசாக் விடுமுறைக்கு அவர் துணைநின்றமையும், 1915 இல் அவர் முழங்கியமையும் கற்பிக்கப்படல் வேண்டும். அவற்றோடு, 1888 ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதற்கு அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் ஒருங்கே தமிழாக்கப்பட்டு, சைவ மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தற்கு வழி செய்தலும் வேண்டும். அவ்விரு கட்டுரைகளையும் யாருக்காக எழுதினரோ, அவர்தம் மொழியில் அவை வந்து சேரும் நாளே அவ்வழக்கின் உண்மையான விசாரணை தொடங்கும் நாளாகும்.